பிசின் ஒட்டாத விரல்கள்

கொஞ்சம் இப்படி நகர்ந்து, காற்று வருகிற பக்கமாக வந்து உட்காருங்கள் கண்ணுகளா. தூரத்தில் உட்கார்ந்தால் என் குரல் உங்களிடம் வந்து சேர்வதற்குள் களைத்துப் போய்விடும். ஒரு கதை சொல்கிறேன். ராஜா கிடையாது, ராணி கிடையாது. ஒரு மோட்டார் உண்டு, ஒரு டப்பா கிரீம் உண்டு, ஒருத்திக்காக ஒருத்தி உயிரை விடுகிற ஒரு நாத்தனாரும் அண்ணியும் உண்டு. அப்படியெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள், இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாருக்கும் கெட்டது நடக்கப்போவதில்லை. நடுவில் வயிற்றைக் கலக்குகிற இடம் ஒன்று வரும். அங்கே மட்டும் கொஞ்சம் என் கூடவே நில்லுங்கள், போதும்.

பெட்ரோலிலும் ஓடி மின்சாரத்திலும் ஓடுகிற கார்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு மோட்டார் பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்று. மோட்டார் என்றால் அதில் இரண்டு பாதி. ஒரு பாதி சுற்றும். இன்னொரு பாதி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அதைச் சுற்ற வைக்கும். நம் வீடுகளில் இல்லையா, அந்த மாதிரிதான். உட்கார்ந்திருக்கிற பாதிக்கு ஸ்டேட்டர் என்று பேர். அதைத்தான் அங்கே செய்தார்கள்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், பெரிய பானையின் வாய் அளவுக்கு ஓர் இரும்பு வளையம். காகிதம் மாதிரி மெல்லிய தகடுகளை அடுக்கி அழுத்திச் செய்தது. உட்புறம் முழுக்கச் சீப்புப் பல் போலப் பள்ளம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் வளைத்த செம்புக் கம்பிகளைச் சொருக வேண்டும். கம்பியை வளைத்திருக்கிற விதத்தைப் பார்த்து அதற்குக் கொண்டை ஊசி என்றே பேர் வைத்துவிட்டார்கள். "சீப்பும் இருக்கு, கொண்டை ஊசியும் இருக்கு, தலைதான் இல்ல" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பது அங்கே வழக்கம்.

ஊசிகளைச் சொருகி, நுனிகளைப் பற்றவைத்த பிறகு, எல்லாம் ஆடாமல் இருக்கப் பிசின் விட வேண்டும். முன்பெல்லாம் வளையத்தை அப்படியே பிசின் தொட்டியில் முக்கி எடுத்து, சூளை மாதிரி ஒரு அடுப்பில் அரை நாள் வேக வைப்பார்கள். பாதிப் பிசின் தொட்டிக்கும் தரைக்கும் போய்விடும். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் மேனேஜருக்கு நெஞ்சு அடைக்கும். இப்போது புது முறை வந்தது. வளையத்தைச் சாய்த்து மெதுவாகச் சுற்றவிட்டு, அதன் செம்பிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கி, மேலே சொட்டுச் சொட்டாகப் பிசினை விட்டால், அது கம்பிகளுக்கு நடுவே தானாக இறங்கிக்கொள்ளும். அதே சூட்டில் கெட்டியாகியும் விடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். சிந்தாது, சிதறாது, அடுப்பும் வேண்டாம்.

அந்தச் சொட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லாரும் பிசினக்கா என்று கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காகப் பிசினோடேயே இருந்தவள். சம்பளச் சீட்டில் தன் சொந்தப் பேரைப் பார்த்தால் அவளுக்கே யாரோ வேற்று மனுஷி என்று தோன்றும். நாமும் பிசின் என்றே சொல்லிக்கொள்வோம்.

பிசினுக்கு ஓர் அண்ணன். எதிரெதிர் வீடு. இவள் வீட்டில் பால் பொங்கினால் அந்த வீட்டில் அடுப்பை அணைப்பார்கள், அவ்வளவு கிட்டம். அண்ணன் மனைவி, நம் அண்ணி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு கடிகாரக் கடையில் பழுது பார்க்கிற வேலை செய்தவள். அரிசி மணியில் பாதி அளவு திருகாணியைக் கூட நக நுனியால் எடுத்து வைக்கிற கை அது. பிசினின் அம்மா படுத்த படுக்கையானபோது அந்த வேலையை விட்டாள். மகள் விடவில்லை, மருமகள் விட்டாள். "நீ போ, உன் மெஷினு உனக்காகக் காத்திருக்கும். என் வாட்சுங்க எல்லாம் ஏற்கெனவே நின்னு போனதுதானே, இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் என்றது பல வருஷமானது. குளிப்பாட்டி, தலை வாரி, வாயில் கஞ்சி ஊற்றி, கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் அந்தக் கைதான்.

அம்மா போன பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பாள். பகலில் ஜன்னலோரம் நின்றால் நின்றபடியே இருப்பாள். எதிர்வீட்டிலிருந்து பிசின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் தொழிற்சாலையில் பேசி, அண்ணிக்கு ஓர் இடம் வாங்கிவிட்டாள். முதலில் பயிற்சிக் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம்.

அண்ணன்காரன் ஒரு கேலி மன்னன். "வாட்ச் பாத்தவ மோட்டார் பாக்கப் போறாளா? ஒரு மாசம்தான். அதுக்குள்ள திரும்பி வந்துடுவா பாரு" என்றான்.

"திரும்பி வருவேன்தான். தினமும் சாயங்காலம்" என்றாள் அண்ணி. "அதுவரைக்கும் நீங்க அடுப்பப் பாத்துக்குங்க."

வேலையில் சேர்ந்த அன்றைக்கே அண்ணியின் கை என்ன கை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கொண்டை ஊசிகளில் முக்கால்வாசியை இயந்திரமே சொருகிவிடும். கோணல்மாணலாக வளைந்த கடைசிச் சில ஊசிகளை மட்டும் கையால் இறக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் தட்டித் தடவி இறக்குவார்கள். அண்ணி வைத்தால் அது தன் வீட்டுக்குள் போவது மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே ஒரு வேடிக்கை. வீட்டில் அண்ணி பெரியவள், இவள் சின்னவள். தொழிற்சாலையில் இவள் பழையவள், அவள் புதியவள். எல்லாரும் பிசினக்கா, பிசினக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அண்ணியும் ஒருநாள் வாய் தவறி, "பிசினக்கா, இந்த வளையம் வரலாமா" என்று கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

ஆனால் செம்பு நுனி பொல்லாதது. மெல்லிய கையுறையைத் தாண்டிக் கீறும். சில நாளிலேயே அண்ணியின் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் ஆரஞ்சு உரிக்கும்போது முகத்தைச் சுளித்ததைப் பிசின் பார்த்துவிட்டாள்.

"கையக் காட்டுங்க அண்ணி."

"ஒண்ணும் இல்லடி. புதுக் கை, பழகிடும்."

அன்று சாயங்காலமே பிசின் மருந்துக் கடைக்குப் போனாள். இங்கேதான் கண்ணுகளா, கவனமாகக் கேளுங்கள். பிசின் வேலை செய்கிறவளுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, எண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் பிசின் பிடிக்காது. அதை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால் கடைக்காரரிடம், "எண்ணெய்ப் பிசுக்கு துளி கூட இருக்கக் கூடாது. மத்தபடி கைக்கு நல்லதா ஒரு கிரீம் குடுங்க" என்றாள்.

அவர் எடுத்துக் காட்டிய முதல் டப்பா வேண்டாம், இரண்டாவது டப்பா வேண்டாம். "ஏம்மா, நீ கிரீம் கேக்கறியா, குத்தம் குறையே இல்லாத மாப்பிள்ளை கேக்கறியா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் ஒரு நீல டப்பா. தடவினால் பட்டு மாதிரி வழுக்கியது. பிசின் அதில் கொஞ்சம் எடுத்துக் கடைக்காரரின் காகிதத்தில் தேய்த்து, காத்திருந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய்க் கறை இல்லை. திருப்தியாக வாங்கிக்கொண்டு வந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். "காலைல வேலைக்குக் கிளம்பறப்போ போட்டுக்குங்க, மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு தடவ போட்டுக்குங்க." அண்ணியும் ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது கிரீம் மட்டும் இல்லை. அத்தனை வருஷம் தான் மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள். இப்போது அவள் மகள் தன் கையைப் பார்த்துக் கவலைப்படுகிறாள். அந்த நினைப்போடு தடவிக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் ஸ்டேட்டர்கள் தோற்க ஆரம்பித்தன.

வரிசையின் கடைசியில் பரிசோதனை அறை. அங்கே இருந்த ஆளுக்கு ஷாக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் வேலையே செய்து முடித்த வளையத்துக்கு அளவுக்கு மீறின மின்சாரத்தைக் கொடுத்து, அது எங்கேயாவது தாவி ஓடுகிறதா என்று பார்ப்பது. தாவாவிட்டால் பச்சை விளக்கு. தாவினால் சிவப்பு. ஷாக்கு வாய் திறந்து பேசுவதே அபூர்வம். பச்சை எரிந்தால் "போலாம்" என்பான். சிவப்பு எரிந்தால் "பாவம்" என்பான், அந்த வளையத்தைப் பார்த்து. அந்த வாரத்தில் அவன் நிறையப் பாவம் சொன்னான்.

மேனேஜர் வந்து போக ஆரம்பித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் கண்ணாடி என்பார்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை. எந்த இயந்திரத்தின் மூடி பளபளத்தாலும் அதில் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு தடவை கோதிவிட்டுத்தான் நகர்வார். கெட்ட மனிதர் இல்லை. புது முறையை நம்பி மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார், அதனால் அவருக்கு அடிவயிற்றில் நெருப்பு. அவர் பிசினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெஷின் அதேதான், பிசினும் அதேதான், நீயும் அதேதான். புதுசா வந்தது யாரு?"

பிசின் திரும்பி அண்ணி நிற்கிற பக்கம் பார்த்தாள்.

"நான் அவங்களத் தப்பா சொல்லலம்மா. ஆனா நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா, பயிற்சியில இருக்கறவங்களக் கொஞ்ச நாள் வர வேணாம்னு சொல்றதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

பயிற்சியில் இருக்கிறவர்கள் என்று அவர் மரியாதைக்குப் பன்மையில் சொன்னார். இருந்தது ஒரே ஒரு ஆள்தான். கொஞ்ச நாள் என்று வெளியே போனவர்கள் திரும்ப வந்ததையும் பிசின் பார்த்ததில்லை.

அன்று பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அண்ணி தன் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நான் என்ன தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுடி. என்கிட்ட ஒளிக்காத."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல அண்ணி."

"அப்புறம் ஏன் நான் வந்ததுக்கப்புறம்தான் இப்படி ஆவுது?"

பிசின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். வளையம் வளையமாக டயர் அடுக்கிய கடை ஒன்று போயிற்று. அதைப் பார்க்கக் கூடப் பிடிக்கவில்லை.

வீட்டில் அண்ணன் கதவைத் திறந்தான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வழக்கமாக ஒரு நக்கல் வரும், அன்று வரவில்லை. "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னான். கேலி செய்கிறவன் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் எவ்வளவு பாரமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அதற்கு மேல் பிசினால் அங்கே நிற்க முடியவில்லை, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவுக்காக ஒரு வேலையை விட்டவளுக்கு, என்னால் கிடைத்த வேலையும் போகப்போகிறதே என்று கிடந்து மருகினாள்.

இதுதான் நான் சொன்ன வயிற்றைக் கலக்குகிற இடம். தாண்டிவிடலாம், வாருங்கள்.

மறுநாள் காலையில் வரிசை ஓடவில்லை. இன்ஜினியர் எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கச் சொன்னாள். அவளுக்குப் பென்சில் என்று பேர், எப்போதும் காதில் ஒரு பென்சில் இருக்கும், யோசனை வந்தால் அதைக் கடிப்பாள். அன்றைக்கு அந்தப் பென்சில் பாதிதான் மிச்சம் இருந்தது.

தோற்றுப்போன ஒரு வளையத்தை அவள் குறுக்கே அறுத்து வைத்திருந்தாள். உள்ளே தேன் நிறத்தில் பிசின் எல்லா இடத்திலும் நிறைந்து நின்றது. மேல் பக்கத்தில் சில கம்பிகளின் மேல் மட்டும் சின்னச் சின்ன மொட்டை இடங்கள். பிசின் அங்கே வரை வந்து, எதையோ கண்டு பயந்த மாதிரி சுருங்கி விலகி நின்றிருந்தது.

"இந்த மொட்டையோட அளவப் பாருங்க" என்றாள் பென்சில். தன் சுட்டுவிரலை மடக்கி அதன் மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. "விரல் பட்ட இடம். பிசின் பிடிக்காததால கம்பி ஆடுது, ஆடி ஆடி மேல் பூச்சு தேயுது, அங்க மின்சாரம் தாவுது. யாரையும் குத்தம் சொல்றதுக்காக நான் கூப்பிடல. நாம எதையோ தொட்டுட்டு வந்து இதத் தொடறோம். அது எதுன்னு தெரிஞ்சா போதும்."

மேஜை மேல் துடைத்துப் பளபளவென்று இருந்த செம்புத் தகடுகளை வரிசையாக வைத்தாள், ஆளுக்கு ஒன்று. "தினமும் எப்படி வருவீங்களோ அப்படியே, கையுறை போட்டுட்டு ஒரு தடவ அழுத்துங்க. கை கழுவ வேணாம். புதுசா எதுவும் பண்ண வேணாம். சார், நீங்களும்தான்."

"நானுமா?" என்றார் மேனேஜர்.

"விருந்தாளிங்களக் கூட்டிட்டு வர்றப்போ ஊசிய எடுத்துக் காட்டறது நீங்கதானே சார்."

எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அண்ணி பிசினுக்கு முன்னால் நின்றாள். கையுறையைச் சரிசெய்வதற்காக அவள் கையைத் தூக்கினாள். லேசாக ஒரு வாசனை வந்தது. பிசினுக்குத் தெரிந்த வாசனை. கடைக்காரரின் காகிதத்தில் தேய்த்து முகர்ந்து பார்த்த வாசனை.

கண்ணுகளா, அவளுக்கு உள்ளங்கால் வரை ஜில்லிட்டுப் போயிற்று. எண்ணெய் இல்லை, ஆனால் பட்டு மாதிரி வழுக்கியதே. எண்ணெய் இல்லாமல் அது எப்படி வழுக்கியது? அந்த ஒரு கேள்வியை அவள் கடையில் கேட்கவே இல்லை. எண்ணெயைத் தேடத் தெரிந்தவள் எண்ணெயை மட்டுமே தேடினாள்.

அண்ணியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அண்ணி, போய்க் கையக் கழுவிட்டு வாங்க. நல்லா சோப்பு போட்டு. வேற கையுறை போட்டுக்குங்க."

"கழுவக் கூடாதுன்னாங்களே."

"நான் சொல்றேன், போங்க."

அண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். "என் கைதான்னு உனக்குத் தோணுதா?"

பிசின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப கழுவ மாட்டேன்" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "என் கைன்னா என் கைன்னு தெரியட்டும். தெரியாமலே வீட்டுக்குப் போனா, நான் எதக் கெடுத்தேன்னு காலத்துக்கும் யோசிச்சிட்டுக் கெடப்பேன். நின்னு போன வாட்ச மூடி திறந்து பாக்காம என்னால தூங்க முடியாதுடி, உனக்குத் தெரியுமே."

"உங்க கை இல்ல அண்ணி" என்றாள் பிசின். "நீல டப்பா. நான் வாங்கிக் குடுத்தது. எண்ணெய் இல்லாததா பாத்துப் பாத்துத்தான் வாங்கினேன்."

அண்ணியின் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கடைசியில் வந்து நின்றது என்ன தெரியுமா? நிம்மதி. "கிரீமா?" என்றாள். "வெறும் கிரீமா? என் கை சரியாத்தான் வேலை செஞ்சுதா?" என்றாள். ஏதோ பெரிய வியாதி என்று பயந்து டாக்டரிடம் போனவளுக்குச் சாதாரணச் சளி என்று சொன்ன மாதிரி இருந்தது.

பிசின் நேராகப் பென்சிலிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பென்சிலின் கண் விரிந்தது. "டப்பா கையில இருக்கா?" அண்ணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பென்சில் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். "சிலிக்கோன்" என்றாள். "எண்ணெய் இல்லதான், வழவழப்புக்குச் சேக்கற ஒண்ணு. ஆனா பிசினுக்கு எண்ணெயவிட இதுதான் ஆகவே ஆகாது. கையுறைய இழுத்து மாட்டறப்பவே வெளிப்பக்கம் ஒட்டிக்கும். கார் பெயின்ட் அடிக்கற எடத்துல இத வாசப்படிய தாண்ட விட மாட்டாங்க. இங்க வாசல்ல எழுதிப் போட்டிருக்கணும், போடாதது என் தப்பு. சரி, எல்லாரும் கைய வைங்க. சந்தேகம் இருக்கக் கூடாது."

எல்லாரும் அழுத்தினார்கள். பென்சில் ஒவ்வொரு தகட்டின் மேலும் மெல்லிசாகப் பிசினைத் தடவினாள். காத்திருந்தார்கள். பலருடைய தகட்டில் பிசின் ஏரித் தண்ணீர் மாதிரி சமமாகப் படிந்தது. அண்ணியின் தகட்டில் பார்க்கப் பார்க்க அது விலகியது. ஐந்து விரல்களும் அப்படியே மொட்டையாகத் தெரிந்தன, குழந்தை வாசலில் மாவுக் கையை வைத்துவிட்டுப் போன மாதிரி.

யாரோ "அதான்" என்றார்கள். மேனேஜர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தலைமுடியைக் கோதினார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பென்சில்.

கடைசித் தகட்டிலும் ஐந்து விரல். அண்ணியுடையதைவிடப் பெரிதாக, தடித்ததாக, அதைவிடத் தெளிவாக.

"இது யாரோடது?" என்று மேனேஜர் அதட்டலாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை தலையைக் கோதினார். கோதின கை தலையிலேயே நின்றுவிட்டது.

எல்லார் கண்ணும் அந்தக் கையில் போய் நின்றது. கடைசியில் ஷாக்குதான் வாயைத் திறந்தான். "பாவம்" என்றான்.

அதற்குப் பிறகு அங்கே எழுந்த சிரிப்பை நான் எப்படிச் சொல்ல? அத்தனை நாள் இறுகிப்போயிருந்த கூட்டம். ஒருத்தர் மேஜையைப் பிடித்துக்கொண்டார், ஒருத்தர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் முதலில் விறைப்பாகத்தான் நின்றார். பிறகு அவரும் உடைந்துவிட்டார். "என் பொண்ணு இப்பத்தான் வாங்கிக் குடுத்தாம்மா" என்றார், யாரும் கேட்காமலேயே. "முடி வழவழன்னு படியறதுக்கு என்னமோ ஒண்ணு. அப்பா இதப் போட்டா அழகா இருப்பீங்கன்னு சொன்னா."

"அழகாத்தான் சார் இருக்கீங்க. மோட்டாருக்குத்தான் பிடிக்கல" என்றாள் அண்ணி.

பென்சில் அப்போதுதான் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அண்ணி லீவு போட்டிருந்த ஒருநாளிலும் ஒரு ஸ்டேட்டர் தோற்றிருக்கிறது. அது இவளால் இல்லையே, பிறகு யாரால் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லையாம். அதனால்தான் எல்லார் கையையும், மேனேஜர் கையையும் சேர்த்து வைக்கச் சொன்னாளாம். "உங்க ஒருத்தரோட கைய மட்டும் பாத்திருந்தா, பாதி நோயோட மருந்த நிறுத்தின மாதிரி ஆயிருக்கும்" என்றாள் அண்ணியிடம். பிசின் பென்சிலைக் கட்டிக்கொள்ளப் போனாள், கையில் பிசின் இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரே சுத்தம்தான். பழைய கையுறைகளை மூட்டை கட்டினார்கள். பிடிமானங்கள், தட்டுகள், மேஜைகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிற திரவம் போட்டுத் துடைத்தார்கள். அண்ணி முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஆலையின் நர்ஸ் வந்து சிலிக்கோன் இல்லாத களிம்பு ஒன்றைக் கொடுத்து, விரல் நுனிக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சின்ன ரப்பர் உறைகளும் கொடுத்தாள். மேனேஜர் எங்கேயோ போய்த் தலையைக் கழுவிவிட்டு, ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். தொப்பிக்கு வெளியே முடி வைக்கோல் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"நீங்க உங்க இடத்துக்குப் போங்கம்மா" என்றார் அண்ணியிடம். கொஞ்சம் தயங்கினார். "நேத்து நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

"பரவால்ல சார்" என்றாள் அண்ணி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வளையம் வருது."

மத்தியானம் வரிசை ஓடியது. அண்ணி ஊசி சொருகிய முதல் வளையம் சாய்ந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு, பிசினின் முன்னால் வந்தது. செம்பு சூடேறியது. சொட்டு விழுந்தது. பிசின் குனிந்து பார்த்தாள். தேன் மாதிரி அது வழிந்து, விரல் பட்ட இடம், படாத இடம் என்று பார்க்காமல், எல்லாக் கம்பிகளையும் அணைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அவளுக்கு அம்மாவின் தலைமுடியில் அண்ணியின் விரல்கள் இறங்குவது நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

பரிசோதனை அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஷாக்கு கதவைச் சாத்தினான். உள்ளே ரீங்காரம் கேட்டது. அண்ணி பிசினின் கையைப் பிடித்துக்கொண்டாள், ரப்பர் உறை போட்ட விரல்களால்.

கதவு திறந்தது.

"போலாம்" என்றான் ஷாக்கு.

அடுத்ததற்கும் போலாம். அதற்கடுத்ததற்கும் போலாம். சாயங்காலம் வரை அவன் வேறு வார்த்தையே சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது அண்ணி அவனிடம், "தம்பி, உன் வாயில சர்க்கரை போடணும்" என்றாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "போலாம்" என்றான்.

வேலை நேரம் முடிகிறபோது மேனேஜர் தொப்பியைக் கழற்றாமலேயே வந்து, அண்ணியின் பயிற்சிக் காலம் முடிந்தது, அடுத்த வாரம் முதல் நிரந்தரம் என்று சொன்னார். பிசின் அழுதாள். அண்ணி அழவில்லை. "பஸ்சு போயிடும்டி, நடந்துகிட்டே அழு" என்றாள்.

வீட்டில் அண்ணன் முந்தின நாள் மாதிரியே பேசாமல் கதவைத் திறந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். அவன் தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. அப்போதுதான் பிசினுக்குத் தெரிந்தது, அவனும் இரவெல்லாம் அவற்றைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறான் என்று.

"என்ன, நான் சொன்ன ஒரு மாசம் முடிஞ்சு போச்சு போலிருக்கே" என்றான். கேலி திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்கு விளக்கு வந்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சு போச்சு. இனிமே அடுப்பு உங்களோடதுதான்" என்றாள் அண்ணி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அது எனக்குப் பழகிடுச்சு. நேத்து குழம்பு நல்லா இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே, அதுதான் வருத்தம்."

கதையை முழுக்கக் கேட்டான். மேனேஜரின் தலைமுடி வந்த இடத்தில் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் புரை ஏறிவிட்டது. பிறகு நீல டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரலியே. ஆசையா வாங்கினது" என்றான்.

அவனே எழுந்து போய், திறக்கும்போதெல்லாம் வீட்டையே எழுப்புகிற அலமாரிக் கதவின் கீலில் கொஞ்சம் தடவினான். திறந்தான், மூடினான். சத்தமே இல்லை. திரும்பவும் திறந்து மூடினான், குழந்தை மாதிரி.

"பாத்தியா" என்றான் தங்கையிடம். "கெட்டது ஒண்ணும் இல்ல. எடம்தான் மாறிப் போச்சு."

பிசின் தன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் அண்ணி அவளைக் கூப்பிட்டாள். "பிசினக்கா." இந்தத் தடவை வாய் தவறி இல்லை. பிசின் திரும்பினாள். அண்ணி நர்ஸ் கொடுத்த களிம்பை நீட்டினாள். "இந்தா, உன் கையக் காட்டு. எத்தன வருஷமா அந்தச் சூட்டுல நிக்கற, உன் கைய ஒருத்தராவது பாத்தாங்களா?"

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். அண்ணி ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டாள். உள்ளே அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. இனி எழுந்து போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒட்ட வேண்டியவை நன்றாக ஒட்டட்டும், சத்தம் போடுகிறவை வழவழவென்று நகரட்டும். சுற்றுகிறவரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்ற வைக்கிறவரும், சூடேறாமல் சேர்ந்து ஓடட்டும். வேலைக்குப் போன கைகள் காயமில்லாமல் சாயங்காலம் வீடு வந்து சேரட்டும். வந்து சேரும்போது கதவைத் திறக்கிறவர் முகத்தில் ஒரு கேலி காத்திருக்கட்டும்.